ஆவுடையப்பன் சிரிப்புக்குப் பதினொரு கூப்பன்

நான் கூப்பன்ல சாமான் வாங்குதவதான், அதுல எனக்கு வெக்கம் ஒண்ணும் கிடையாது, ஆனா அளவோட வாங்குதவ. அதை முதல்லயே சொல்லிப்புடுதேன், ஏன்னா இதைக் கேட்டுட்டு உலகம்மாளுக்குப் பேராசைன்னு ஒருத்தரும் வாயத் திறந்துரக் கூடாது. பழைய பிஸ்கட் டப்பா ஒண்ணு வச்சிருக்கேன், பேப்பர்ல வாரது, சோப்புக் கட்டியில வாரது, பல்லுப்பசை அட்டையில வாரது எல்லாத்தையும் கத்தரிச்சு தேதிவாரியா அடுக்கி வச்சிருப்பேன். ஒரு சாமான் வேணுமா வேண்டாமான்னு முதல்ல முடிவு பண்ணுவேன், அப்புறந்தான் டப்பாவைத் திறப்பேன். கூப்பன் இருக்கேன்னு தேவையத் தேடிக்கிட்டுப் போகமாட்டேன். மூணாம் தெரு விமலா அப்படித் தேடிப் போயித்தான், வீட்டுல பூனையே இல்லாம ஆறு கிலோ பூனைத் தீனி வாங்கிப் போட்டுட்டு முழிச்சுக்கிட்டு இருக்கா.

எங்க காலனி கோவில்பட்டிக்கு மேக்க இருக்கு. தீப்பெட்டி ஆபீஸ்காரங்களுக்குன்னு ஒரு காலத்துல கட்டுன நாலு தெரு, நூத்திச்சொச்சம் வீடு, மொத்தத்துக்கும் ஒரே பலசரக்குக் கடை, தங்கப்பழம் அண்ணாச்சி கடை. அண்ணாச்சி போன தீவாளிக்குத் தன் பேர்லயே டீத்தூள் பாக்கெட் போட்டாரு. பாக்கெட்டுக்கு ஒரு கூப்பன் வைக்கணும்னு சிவகாசியில அச்சடிக்கக் கொடுத்தாரு. எந்தச் சாமானுக்குத் தள்ளுபடின்னு நாளைக்குப் போன்ல சொல்லுதேன்னு சொல்லிட்டு, தீவாளி யாவாரத்துல மறந்துட்டாரு. அச்சாபீஸ்காரன் என்ன பண்ணுவான், சாமான் பேரு வரவேண்டிய இடத்துல புள்ளி புள்ளியா வச்சு அடிச்சு அனுப்பிட்டான். 'புள்ளி புள்ளி புள்ளி மேல் நூற்றுக்கு இருபது தள்ளுபடி, கார்த்திகை கடைசித் தேதி வரை.' பத்தாயிரம் கூப்பன். கிழிச்சுப் போட மனசு வருமா? அண்ணாச்சி கல்லாவுல ஒரு பேனாவைக் கயித்துல கட்டித் தொங்க விட்டுட்டு, "நீங்களே எழுதிக்கிடுங்க, நான் சீல் குத்தித் தாரேன்"ன்னுட்டாரு. மளிகைச் சாமானத்தான எழுதப்போறாங்கன்னு நினைச்சாரு மனுசன்.

முதல் ஆளு பொன்னுத்தாய். எதுத்த வீட்டுக்காரி, வாய்த்துடுக்கு ஜாஸ்தி. கிண்டலுக்கு 'மூட்டு வலி'ன்னு எழுதி நீட்டுனா, அண்ணாச்சியும் கிண்டலுக்கு டப்புன்னு சீல் குத்துனாரு. கடைப்படி இறங்குததுக்குள்ள அவ முட்டி வலியில அஞ்சுல ஒரு பங்கு போயிட்டுது. அவ ஆச்சரியப்பட்டான்னா நினைக்கீங்க? அங்கயே திரும்பி நின்னு, "ஏன் அண்ணாச்சி, அதென்ன இருபது? முப்பதாப் போட்டுக் கொடுத்தா கொறஞ்சா போயிருவீரு?"ன்னு பேரம் பேசினா. அண்ணாச்சியும், "கட்டுப்படியாகாது தாயி, வேணும்னா இன்னொரு பாக்கெட் வாங்கிக்க"ன்னாரு. அவ்வளவுதான், எங்க காலனியில அந்த அதிசயம் நடந்த விதம் அவ்வளவுதான். மறுநா காலையில கடை வாசல்ல ரேசன் கடை மாதிரி கூட்டம்.

எழுதுனாங்க, என்னத்தையெல்லாமோ எழுதுனாங்க. பஸ் ஸ்டாப்புக்கு நடக்குத தூரத்தை ஒருத்தன் எழுத, மறுநா பஸ் ஸ்டாப்பு அவன் வீட்டுப்பக்கம் ஒரு எட்டு நகந்து நின்னுச்சு, கண்டக்டர் "எறங்குதவங்க எறங்குங்க"ன்னு விசில் ஊதிட்டுப் போனாரு. கொசுவை எழுதுனாங்க, வெக்கையை எழுதுனாங்க, கோயில் ரேடியோ சத்தத்தை எழுதுனாங்க, பத்தாவது படிக்குத புள்ளைங்க பாடத்தை எழுத, புஸ்தகமே மெலிஞ்சு போச்சு. ரெண்டாம் தெரு மருமக ஒருத்தி அவசரத்துல வெறும் 'மாமியார்'னு எழுதிட்டா, அந்த அம்மா அஞ்சுல ஒரு பங்கு சுருங்கி அடுப்புமேடை நெஞ்சுல முட்டுத உசரத்துக்கு வந்துட்டாங்க, சட்டையெல்லாம் பிடிச்சுத் தைக்க வேண்டியதாப் போச்சு, வாயி மட்டும் அப்படியே இருந்துச்சு. ரிட்டயர் ஆன பரமசிவம் சார் 'வயசு'ன்னு எழுதி அறுபதுல இருந்து நாப்பத்தெட்டுக்கு வந்து மீசையை முறுக்கிக்கிட்டுத் திரிஞ்சாரு, அவரு சம்சாரம் அம்பத்தஞ்சு, "தம்பி, சாப்பிட வாங்க"ன்னு கூப்பிட்டதோட சரி, வேற பேச்சே கிடையாது. இதெல்லாம் நாலு நாள் சிரிச்சோம். அஞ்சாம் நாள் எல்லாம் பழகிப்போச்சு. கீரைக்காரிகிட்ட விலை கேக்குத மாதிரி, "நீ எதுல கொறச்ச?"ன்னு கேட்டுக்கிட்டுப் போனோம்.

ஆனா ஒண்ணு, எத்தனை கூப்பன் போட்டாலும் எதுவும் முழுசா ஒழியல. முதல் கூப்பன் நூறுல இருபதை எடுத்தா, ரெண்டாவது மிச்ச எண்பதுலதான் கை வைக்கும். நூறு இருந்த வலி எண்பது ஆனா சந்தோசமா இருக்கணுமா இல்லையா? இல்லை, அந்த எண்பதுதான் கண்ணை உறுத்துச்சு. இன்னொரு பாக்கெட், இன்னொரு பாக்கெட். பாக்கெட் வாங்குனா டீயைக் கொட்டவா முடியும்? குடிச்சோம். காலையில குடிச்சு, பத்து மணிக்குக் குடிச்சு, மத்தியானம் சோத்துக்குப் பதிலாக் குடிச்சு, காலனி பூராவும் கண்ணு முழி பிதுங்கி, காலு ஒரு இடத்துல நிக்காம, உக்காந்தவன் எந்திரிச்சு எந்திரிச்சவன் தெருவுக்குப் போயி தெருவுக்குப் போனவன் எதுக்கு வந்தோம்னு தெரியாம திரும்பி வந்து, அடுத்து எதைக் குறைக்கலாம் எதைக் குறைக்கலாம்னு கை அரிச்சுக்கிட்டே இருந்துச்சு. நான் அப்பவும் ஒரே ஒரு பாக்கெட்தான் வாங்குனேன். கரண்ட் பில்லுன்னு எழுதுனேன், கொறஞ்சுச்சு, டப்பாவை மூடிட்டேன். அதோட நிறுத்தியிருந்தா நான் மனுசி.

இப்ப எங்க வீட்டுக்காரரைச் சொல்லணும். பேரு ஆவுடையப்பன். காலனிக்குக் கேபிள் இழுத்துக் கொடுத்தவரு, மாடி ரூம்ல சொந்தமா ஒரு சேனல் நடத்துதாரு. காலையில பக்திப் பாட்டு, மத்தியானம் துணிக்கடை விளம்பரம், சாயங்காலம் ஏழு மணிக்கு அரை மணி நேரம் சிரிப்புத் துணுக்கு. சுத்துப்பட்டி கல்யாண வீடியோக்காரங்க எல்லார்கிட்டயும் சொல்லிவச்சு அள்ளிக்கிட்டு வருவாரு. தாலி கட்டுத நேரத்துல மாப்பிள்ளை மாலையை ஆடு நின்னு நிதானமாத் திங்கும். சமையல் சொல்லிக்கொடுக்குத அம்மா மூஞ்சியில மிக்ஸி மூடி பறந்து சட்னி அடிக்கும், அந்தம்மா விரலால வழிச்சு நக்கிட்டு "உப்பு பத்தல"ம்பாங்க. கடைத் திறப்பு விழாவுல ரிப்பன் வெட்டவந்த பெரிய மனுசன் பக்கத்துல நிக்குதவர் வேட்டி நுனியையும் சேத்து வெட்டிப்புட்டு கைதட்டுவாரு. நூறு தடவை பாத்ததுதான், நூத்தியோராவது தடவையும் எங்க வீட்டுக்காரர் சிரிப்பாரு.

அந்தச் சிரிப்பு இருக்கே. முதல்ல தண்ணி ஏறாத மோட்டார் மாதிரி ரெண்டு தடவை இருமும், அப்புறம் பிடிச்சுக்கிடும் பாருங்க, மாடியில இருந்து நாலு தெருவுக்கும் கேக்கும், நாயெல்லாம் குலைக்கும், சன்னல் கம்பி அதிரும். டிவியில பாத்துச் சிரிச்சது பாதி, அவரு சிரிக்குததைக் கேட்டுச் சிரிச்சது பாதி. டிவி இல்லாத வீட்டுலயும் ஏழு மணிக்குச் சிரிச்சாங்க. இருபத்தாறு வருசம் அடுப்படியில நின்னுக்கிட்டு அதைக் கேட்டு நான் பல்லைக் கடிச்சேன், கையில கிடைச்ச தட்டை விட்டெறிஞ்சேன். மானம் போகுதேன்னு இருக்கும் எனக்கு.

மானம் போகத்தான் செஞ்சுச்சு. எங்க மக சங்கரி, பள்ளிக்கூடத்துல கணக்கு டீச்சர், அவளைப் பொண்ணு பாக்க சாத்தூர்ல இருந்து வந்தாங்க. மாப்பிள்ளையோட அப்பா தொண்டையைச் செருமிக்கிட்டு, "எங்க குடும்பம் கௌரவமான குடும்பம்"னு ஆரம்பிக்க, அவரு தோள்ல கிடந்த துண்டு நழுவி கேசரித் தட்டுல விழுந்துச்சு. எங்க வீட்டுக்காரர் அடக்கத்தான் பாத்தாரு, பாவம், முகமெல்லாம் செவந்து போச்சு, அப்புறம் மோட்டார் பிடிச்சுக்கிடுச்சு. வந்தவங்க பஜ்ஜியைப் பாதியில வச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டாங்க. "நல்லதாப் போச்சும்மா, அப்பா சிரிப்பைச் சகிக்காத வீட்டுல நான் எப்படிக் குப்பை கொட்ட?"ன்னா சங்கரி. எனக்கு ஆத்திரம் தாங்கல. அவளுக்கு இருபத்தஞ்சு ஆகுது, ஊரு வாயை யாரு மூடுவா?

கார்த்திகை ரெண்டாம் ஞாயித்துக்கிழமை அருப்புக்கோட்டையில இருந்து இன்னொரு வரன் வாரதாச் சொல்லி விட்டாங்க. அந்த வாரம்தான் என் கை அரிச்சுச்சு. கடைக்குப் போனேன், ஒரு பாக்கெட் வாங்குனேன், பேனாவை எடுத்து 'எங்க வீட்டுக்காரர் சிரிப்பு'ன்னு எழுதுனேன். அண்ணாச்சி படிச்சுட்டு என் மூஞ்சியப் பாத்தாரு.

"மைனி, நல்லா யோசிச்சீங்களா?"

"நீரு சீலைக் குத்தும்."

குத்துனாரு. சாயங்காலம் ஏழு மணிக்குக் கேட்டேன், சன்னல் அதிரல, நாயி குலைக்கல, நாலாந்தெருவுக்கு எட்டல, அவ்வளவுதான். நல்ல சிரிப்பு. ஒரு மனுசனுக்கு இருக்கவேண்டிய அளவுல இருந்துச்சு. அதோட விட்டிருக்கணும். ஆனா எனக்கு அந்த எண்பதுதான் காதுல விழுந்துச்சு. மறுநா ரெண்டு பாக்கெட் வாங்குனேன். அதுக்கு மறுநா மூணு. "போதும் மைனி, நான் யாவாரி, நானே சொல்லுதேன், போதும்"னாரு அண்ணாச்சி. தேவையை முதல்ல முடிவு பண்ணணும்னு ஊருக்கெல்லாம் சொல்லுத நான், சனிக்கிழமை காலையில அஞ்சு பாக்கெட்டைக் கல்லாவுல அடுக்கி வச்சு, அஞ்சுலயும் அதையே எழுதி நீட்டுனேன். மொத்தம் பதினொண்ணு.

ஞாயித்துக்கிழமை வந்தாங்க. மாப்பிள்ளைப் பையன், அவனோட அம்மா, ஒரு சித்தப்பா. பையனுக்குக் காபி கொடுக்கும்போது அவன் பதட்டத்துல டம்ளரைத் தலைகீழாக் கவுத்துட்டான். எங்க வீட்டுக்காரரைப் பாத்தேன். உதடு லேசா விரிஞ்சுது, தொண்டையில ஒரு சத்தம் வந்துச்சு, சுவத்துப் பல்லி சொல்லுமே, அவ்வளவுதான். எனக்குச் சந்தோசம். அப்ப அந்த மாப்பிள்ளையோட அம்மா சொன்னாங்க, "அடக்காதீங்கண்ணே, சத்தமாச் சிரிங்க. எங்க அவுக இருந்த வரைக்கும் வீடே இடியும். அவுக போனதுல இருந்து எங்க வீட்டுல பாத்திரம் உருளுத சத்தந்தான் கேக்குது." சொல்லிட்டு எங்க வீட்டுக்காரர் மூஞ்சியையே ஆசையாப் பாத்துக்கிட்டு இருந்தாங்க. அவரும் முயற்சி பண்ணுனாரு. பல்லி சத்தந்தான் வந்துச்சு. கல்யாணம் தையில வச்சுக்கிடலாம்னு பேசி முடிச்சாங்க, நான் உள்ள போயி அடுப்பைப் பாத்துக்கிட்டு நின்னேன்.

அன்னைக்கு ஏழு மணிக்கு ஆடு மாலையைத் தின்னுச்சு. ஒரு வீட்டுல இருந்தும் சத்தம் இல்ல. மிக்ஸி மூடி பறந்துச்சு, ஒருத்தரும் சிரிக்கல. "என்னப்பா, பழசையே போட்டு அறுக்காரு"ன்னு பொன்னுத்தாய் சேனலை மாத்துனது எங்க வாசலுக்குக் கேட்டுச்சு. மறுநா அவரு புதுசாத் தேடிப் போனாரு. எட்டயபுரம் போனாரு, விளாத்திகுளம் போனாரு, கையில டீயும் தோள்ல பையுமா அலைஞ்சாரு, மாடிப்படியில ஏறுததும் இறங்குததுமா ஒரு நாளைக்கு இருபது தடவை, வெட்டி ஒட்டி, ஒட்டுனதைப் பிரிச்சு, கண்ணு ரெண்டும் செவந்து, சோறு வச்சா வச்ச இடத்துல இருக்கும். "ஏளா உலகு, எனக்கு எது சிரிப்பு எது சிரிப்பில்லன்னே தெரியமாட்டேங்கு"ன்னாரு ஒருநாள், சின்னப்புள்ள மாதிரி. "வயசாகுதுல்லா"ன்னேன் நான். சொன்ன வாயில நானே அடிச்சுக்கிடணும்னு இருந்துச்சு. அடுத்த வாரம், "சேனலை யாருக்காவது கொடுத்துரலாம்னு பாக்குதேன்"ன்னாரு.

சங்கரிகிட்டச் சும்மா கேக்குத மாதிரி, "ஏட்டி, ஒண்ணுல நூத்துக்கு இருபதுன்னு பதினொரு தடவை கொறச்சா என்ன மிஞ்சும்?"னு கேட்டேன். அவ கணக்கைச் சொல்ல வாயத் திறந்தவ, அப்படியே நின்னுட்டா. "எட்டரை"ன்னா. "நூறுல எட்டரை. எதுலம்மா கொறச்ச?" நான் மாடிப்பக்கம் பாத்தேன். அவளுக்குப் புரிஞ்சு போச்சு. கண்ணுல தண்ணி முட்ட, "எனக்கு அந்தச் சிரிப்பைச் சகிக்குத ஒருத்தன் வந்தாப் போதும்னு சொன்னேனா இல்லையா? உன்கிட்ட நான் கேட்டேனா?"ன்னு கத்திட்டு ரூம்ல போயிக் கதவைச் சாத்திக்கிட்டா.

நான் சும்மா இருக்கல. அண்ணாச்சி கடைக்கு ஓடினேன். "இதைக் கூட்டுத கூப்பன் ஒண்ணு அடிச்சுக் கொடும்"னேன். "தள்ளுபடிதான் மைனி உண்டு, ஏத்துபடி உலகத்துல எவன் கொடுப்பான்?"னாரு. 'நான் செஞ்ச தப்பு'ன்னு எழுதி ஒரு கூப்பன் போட்டுப் பாத்தேன். தப்பு கொறையல, தப்புச் செஞ்சோம்ங்குத உறுத்தல்தான் கொஞ்சம் கொறஞ்சுது. அது அதைவிடக் கேவலமா இருந்துச்சு. அப்புறம் தேதியை நம்புனேன். கார்த்திகை முடிஞ்சா கூப்பன் காலாவதி, காலாவதியானா கொறச்சதெல்லாம் திரும்பி வந்துரும்னு காலனியில பாதிப்பேர் பயந்து கிடந்தாங்க. பொன்னுத்தாய் முட்டியை நீவிக்கிட்டே, அண்ணாச்சியைத் தேதியைத் தள்ளிப்போடச் சொல்லி மனு எழுதிக் கையெழுத்து வாங்குனா. என்கிட்டயும் நீட்டுனா. கிழிச்சுப் போட்டேன். "ஒனக்கென்ன, முட்டியா மொகரையா, நல்லாத்தான இருக்க!"ன்னு அவ ஏசுனது இன்னும் காதுல இருக்கு. நூறு வீட்டு வலி திரும்பி வந்தாலும் வரட்டும், எனக்கு அவரு சிரிப்பு வரணும்னு கும்பிட்டேன். அப்படித்தான் கும்பிட்டேன், மறைக்க என்ன இருக்கு?

கார்த்திகை கடைசி நாள் போச்சு. ஒண்ணும் திரும்பல. பொன்னுத்தாய் முட்டி திரும்பல, மாமியார் வளரல, பரமசிவம் சார் நாப்பத்தெட்டுலயே நின்னாரு. அண்ணாச்சி மிஞ்சுன கூப்பனைக் கடலை மடிக்க வச்சுக்கிட்டாரு. மார்கழி முதல் நாள் காலையில பதினோரு மணி இருக்கும், எங்க வீட்டுக்காரர் மாடியில வயரையெல்லாம் சுருட்டிக்கிட்டு இருந்தாரு, சேனலை வாங்குத ஆளு மத்தியானம் வாரானாம். நான் போயி எதுத்தாப்புல நின்னு, பதினொரு கூப்பனையும் அவரு முன்னால தரையில வச்சேன். ஒவ்வொண்ணுலயும் என் கையெழுத்து, ஒவ்வொண்ணுலயும் அண்ணாச்சி சீலு.

அவரு ஒண்ணொண்ணாப் படிச்சாரு. பதினொண்ணுலயும் ஒரே வார்த்தைதான், ஆனாலும் பதினொண்ணையும் படிச்சாரு. நான் அழுதுக்கிட்டே, "அடிங்க, ஏசுங்க, என்னமும் செய்யிங்க, ஆனா பேசாம இருக்காதீங்க"ன்னேன். அவரு வயரைக் கீழ வச்சுட்டு, சட்டைப் பையில இருந்து மடிச்சு மடிச்சு நைஞ்சு போன ஒரு கூப்பனை எடுத்து அந்தப் பதினொண்ணு பக்கத்துல வச்சாரு. 'உலகு கோவம்'னு எழுதியிருந்துச்சு. தீவாளிக்கு மறுநா தேதி.

அப்பந்தான் யோசிக்கேன், தீவாளிக்கு அப்புறம் நான் ஒரு தட்டை விட்டெறியல, ஒரு கதவை அறையல.

"ஒண்ணுதான் போட்டேன்"னாரு. "அஞ்சு பாக்கெட் வாங்கத்தான் வாங்குனேன். ஒண்ணு போட்ட அன்னைக்கு நீ தட்டை எறியாம கீழ வச்ச. நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா அன்னைக்குச் சாயங்காலம் நீ பாட்டுக்குப் பேசாம கீரை ஆஞ்சுக்கிட்டு இருந்த, எனக்குப் பயம் வந்துட்டு. இன்னும் ஒண்ணு போட்டா வீட்டுல வேற எவளோ இருப்பாளேன்னு தோணுச்சு. மிச்ச நாலும் மேசையில எழுதாமத்தான் கிடக்கு."

எனக்கு வந்துச்சே கோவம். அஞ்சுல ஒரு பங்கு போக மிச்சம் இருந்ததெல்லாம் ஒண்ணாச் சேந்து வந்துச்சு. "என் கோவத்துல கை வைக்க நீரு யாருய்யா? இருபத்தாறு வருசமா அந்தக் கோவத்துலதான இந்தக் குடும்பம் ஓடுச்சு! கொறச்சவரு சொல்லிட்டுக் கொறைக்க மாட்டீரா? ஒண்ணோட நிறுத்துனேன்னு பெருமை வேற! நீரு பெரிய அளவு தெரிஞ்சவரு, நான் அளவு தெரியாதவளா?"ன்னு, பதினொண்ணைப் போட்ட நான், வயித்தெரிச்சல்ல மூக்கு ஒழுகக் கத்துதேன். பக்கத்துல இருந்த டீ டம்ளரை எடுத்து ஓங்கிட்டேன். எறிய வரல. அந்த இருபது பங்கு இல்லாததுனால கை பாதியில நின்னுட்டு, ஓங்குன கையோட டம்ளரைப் பாத்துக்கிட்டு நிக்கேன்.

அதைப் பாத்து அவரு முகம் செவந்துச்சு. தொண்டை இருமுச்சு, ரெண்டு தடவை. நான் டம்ளரைப் போட்டுட்டு அவரு பக்கத்துல போயி உக்காந்தேன். கேக்கல. இன்னும் நெருங்கி, அவரு வாய்க்கிட்டக் காதைக் கொண்டுபோனேன். உள்ளுக்குள்ள மெல்ல, மெல்ல, ஆனா அதே சிரிப்பு. மோட்டார் பிடிக்குதது, ஏறுதது, மூச்சு முட்டி நின்னு மறுபடி பிடிக்குதது, எல்லாம் அப்படியே சின்னதா இருந்துச்சு. இருபத்தாறு வருசத்துல அதைக் கிட்ட இருந்து நான் கேட்டதே இல்ல, அடுப்படியில இருந்துதான் கேட்டிருக்கேன்.

சேனலை வாங்க வந்தவனைப் படியோட அனுப்பிட்டேன். இப்ப சாயங்காலம் ஆறே முக்காலுக்கெல்லாம் அடுப்பை அணைச்சுட்டு மாடிக்குப் போயிருதேன். அவரு பக்கத்துல, காது அவரு வாயை ஒட்டி இருக்குத மாதிரி உக்காந்துக்கிடுவேன். ஆடு வந்து மாலைப் பக்கம் தலையை நீட்டும். உடனே எந்திரிச்சு சன்னல் கதவைத் திறந்து, நாலு தெருவுக்கும் கேக்குத மாதிரி நான் ஒரு சத்தம் போடுவேன்: "ஏ பொன்னுத்தாய், ஏ விமலா, எல்லாரும் டிவியைக் கொஞ்சம் கொறைங்கட்டி, எங்க வீட்டுக்காரர் சிரிக்கப் போறாரு!"